அடியில் தங்கிய தீனி

மீனை யார் வேண்டுமானாலும் வளர்த்துவிடலாம், அது தின்று மிச்சம் வைத்ததை அள்ளத்தான் ஆள் வேண்டும் என்று தொட்டிக்காரர் சொல்வார். அந்த ஆள் தாம்தான் என்பதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இருபத்தாறு வருஷமாக ஊரில் ஏழெட்டு இடங்களில் மீன் தொட்டிகளைச் சுத்தம் செய்து வந்தார். பல் டாக்டரின் முன்னறை, ஓர் ஓட்டலின் வரவேற்புக் கூடம், பெரிய வீடுகள் சில. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பாசி சுரண்டும் தகடு இருக்கும். விசேஷ வீட்டுக்குப் போனாலும் அதை எடுத்து வைக்க மாட்டார். மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் அதைக் கழுவித் துடைத்து அவளே பையில் செருகி அனுப்புகிறாள்.

சொந்த வீட்டில், கூடத்தில் சோபா போட வேண்டிய சுவரோரம் ஆறடி நீளத்துக்கு ஒரு தொட்டி. வீட்டுக்கு வருகிறவர்கள் நாற்காலியில் ஒடுங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதில் சிக்லிட் இனத்தில் நான்கு மீன்கள். மூன்று ஆஸ்கர் ரகம், நான்காவது, நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்புள்ள செம்மஞ்சள் கிழம். அதற்கு மனைவி வைத்த பெயர் மாமனார். "உங்கப்பா மாதிரியே முறைக்குது பாருங்க, காபி ஆறிப்போச்சுன்னு" என்பாள். இவரும் சிரித்துவிடுவார், ஏனென்றால் முறைப்பு உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

அந்தத் தொட்டிக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கை ராணுவத்தில்கூடப் பார்க்க முடியாது. காலை ஏழரைக்கு ஒரே வேளை. டப்பாவிலிருந்து சிவப்புத் தீனி உருண்டைகளை இடது உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார். இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்ப்பதுதான் அளவு. பத்து நிமிஷம் கழித்து அடியில் ஒன்றிரண்டு கிடந்தால் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவார். ஞாயிறுதோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவார். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் காட்டவே மாட்டார். தொட்டியிலிருந்து இறக்கிய பழைய தண்ணீரிலேயே அலசிப் பிழிவார். முன் கண்ணாடியில் பாசி ஒரு பொட்டு இருக்கக் கூடாது. பின் கண்ணாடிப் பாசியில் யாரும் கை வைக்கக் கூடாது.

"முன்பக்கம் நமக்கு, பின்பக்கம் அதுங்களுக்கு" என்பார்.

வாடிக்கைக்காரர்களிடம் அவர் தவறாமல் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. "சிக்லிட் மூஞ்சியை மட்டும் நம்பாதீங்க. வயிறு வெடிக்கத் தின்னிருந்தாலும் ஆளைக் கண்டா கண்ணாடியில வந்து முட்டும். நாலு நாள் பட்டினி மாதிரி பார்க்கும். பாவம்னு போட்டீங்க, போச்சு. இதுங்க பசியில சாவறதில்ல சார், நம்ம இரக்கத்துல சாவுது."

அப்படிப்பட்டவர் வீட்டுத் தொட்டியின் அடியில், ஒரு வியாழக்கிழமை பகல், ஐந்தாறு உருண்டைகள் ஊறிக் கிடந்தன.

காலையில் தாம்தான் கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தார். உறிஞ்சி எடுத்துவிட்டு மறந்துபோனார். சனிக்கிழமை கல்லிடுக்கில் ஒரு குவியலே கிடந்தது, மேலே வெள்ளைப் பூஞ்சை படர்ந்து. அதற்கப்புறம் அது தினப்படி வழக்கமாகிவிட்டது. அடியில் தங்கிய தீனி சும்மா கிடப்பதில்லை. அது அழுகும், தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்க, உள்ளுக்குள் அம்மோனியா ஏறிக்கொண்டிருக்கும். பாசிக்கு அது விருந்து. பத்து நாள் பிடிக்கும் பச்சை மூன்றே நாளில் முன் கண்ணாடியை மூடியது. பின் கண்ணாடியில் அது திரைச்சீலைபோல் தடித்துத் தொங்கியது. கற்களின் விளிம்பில் கறுப்புப் பாசி குத்துக்குத்தாக முளைத்தது. சுரண்டினாலும் பிடியை விடவில்லை. ஃபில்டர் பஞ்சைப் பிழிந்தபோது வந்த நாற்றத்தில் மனைவி ஜன்னல்களைத் திறந்துவைத்தாள்.

"வீட்டுல ஏதோ செத்துக் கிடக்கற மாதிரி இருக்கு" என்றாள்.

"வாயைக் கழுவு" என்றார் அவர். ஆனால் அவரும் குனிந்து தொட்டியைப் பார்த்தார். மாமனார் தலையைக் கீழே தொங்கவிட்டு மூலையில் நிற்கத் தொடங்கியிருந்தது. ஆஸ்கர்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இத்தனை வருஷத்தில் அடுத்தவர் வீட்டுத் தொட்டிகளில் அவர் பார்த்த காட்சி அது. அப்போதெல்லாம் வீட்டுக்காரரைப் பார்த்து, "யாரோ வேளை கெட்ட வேளையில போடறாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். இப்போது சிரிப்பு வரவில்லை.

யாரோ போடுகிறார்கள். யார்?

மனைவிக்குத் தீனி வாசனையே ஆகாது. துணி வெளுக்கும் கடையில் மேற்பார்வை வேலை. காலை பத்துக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். மகன் தொலைதூர பஸ் டிரைவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் தூங்குவான், அவ்வளவுதான். மிச்சம் மருமகள். இரண்டு தெரு தள்ளி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மதியம் ஒன்றேகாலுக்குச் சாப்பிட வருவாள், ஒன்றே முக்காலுக்குக் கிளம்புவாள். சாப்பாட்டுத் தட்டோடு தொட்டி முன்னால் உட்கார்ந்து, "என்ன பெரியவரே, இன்னிக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டிருக்கீங்க?" என்று மாமனாரிடம் பேசுகிறவள். இளகிய மனசு. அதுதான் அவருக்கு உறுத்தியது.

கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. தொட்டியோடு வாழ்ந்தவனுக்கு மட்டும் தெரிந்த வழி. தண்ணீரில் விழுந்த உருண்டையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தால் அது எப்போது விழுந்தது என்று சொல்லிவிடுவார். பத்து நிமிஷம் என்றால் உள்ளே காய்ந்திருக்கும், பட்டென்று உடையும். அரைமணி என்றால் மேலே குழைந்து நடுவில் மட்டும் ஒரு கடினம். இரண்டு மணி நேரம் ஆனால் இரண்டு மடங்காக உப்பி மாவாகிவிடும். ஒரு புதன்கிழமை இரண்டு மணிக்கு எடுத்துப் பார்த்தார். மேலே குழைந்திருந்தது, நடுவில் கடினம். ஒன்றரைக்கு விழுந்தது. ஒன்றரைக்கு வீட்டில் இருந்தது அவரும் மருமகளும்தான்.

உடனே சொல்லிவிடவில்லை. மனசுக்குள் போட்டுப் பூட்டினார்.

அந்த வாரத்திலேயே இன்னொன்று நடந்தது. பல் டாக்டர் முன்னறைக்கு வாளியும் குழாயுமாகப் போனார். வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "என்ன அண்ணே, நேத்துதானே வந்துட்டுப் போனீங்க?" என்றாள்.

"நேத்தா? நான் வந்து ஒரு வாரம் ஆகுது."

"கண்ணாடியைப் பாருங்கண்ணே."

பார்த்தார். துடைத்து வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. பாசி ஒரு பொட்டு இல்லை. ஓரங்களில் தகடு போய்வந்த விதம்கூட அவர் கைவாகாகவே இருந்தது. வாளியைக் கீழே வைக்காமல் வெகுநேரம் நின்றார்.

"வேற ஆளைப் போட்டுட்டீங்களா? போட்டிருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும்மா."

அந்தப் பெண் சிரிக்கப் போனவள், அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "எனக்கு எதிரா ஆள் இறங்கியிருக்கு. அங்க தொழிலைக் கெடுக்கறாங்க, இங்க மீனைக் கொல்றாங்க" என்றார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. ஏதோ கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். இந்த இடத்தில் அந்த அம்மாள் வாயைத் திறந்திருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். ஆனால் பயந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை. கண்டுகொள்ளாமல் இருந்தால் வந்தது போய்விடும் என்று நம்புகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சின்ன ஆஸ்கர் மல்லாந்து மிதந்தது. வயிறு உப்பிக் கிடந்தது. தொட்டிக்காரர் அதை இரண்டு கையாலும் எடுத்து ஈரத்துணியில் சுற்றினார். அவர் அழுததை மகனும் பார்த்தான், மருமகளும் பார்த்தாள். அழுது முடித்த கையோடு அவர் திரும்பினார்.

"உனக்கு என்னம்மா குறை வெச்சோம் இந்த வீட்டுல?"

மருமகளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. "நான் அந்த டப்பாவைத் தொடவே இல்ல மாமா."

"இரக்கப்பட்டுப் போட்டுட்டேன்னு சொல்லு, விட்டுடறேன். பொய் சொல்லாத."

"இந்த ரெண்டு வருஷத்துல ஒரு பொய் சொல்லியிருக்கேனா உங்ககிட்ட?"

"நீ சொல்லுவ. உருண்டை சொல்லாது. மணி ஒன்றரைக்குப் போட்டிருக்க, நசுக்கிப் பார்த்துட்டேன்."

உருண்டையை நசுக்கி ஒரு பெண்ணைத் திருடியாக்கிய மனிதரைப் பற்றி என்ன சொல்ல! கோபம்தான் வருகிறது. மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தரையைப் பார்த்தாள். அந்த மௌனத்தைத் தொட்டிக்காரர் தம் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். மருமகளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். ஒரே பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். மகன் செருப்பை மாட்டிக்கொண்டே, "அவ இந்த வீட்டுக்குத் திரும்பி வராம நானும் படி ஏற மாட்டேன்பா. நல்லா யோசிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே போனான்.

இரண்டு பேர் குறைந்ததும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. ஃபில்டர் மோட்டாரின் இரைச்சல் எல்லா அறைக்கும் கேட்டது.

தொட்டிக்காரர் தீனி டப்பாவை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். இனிமேல் யார் போடுகிறார்கள் பார்க்கலாம் என்று கறுவினார். மனைவி ஒரு நாள், "அந்தச் சாவி என்கிட்ட இருக்கட்டுமே, காலையில நான் எடுத்துத் தரேன்" என்று மெதுவாகக் கேட்டாள். "அவளுக்குத் தூது போறியா?" என்று எரிந்து விழுந்தார். மனைவியின் போக்கே புதிதாக இருந்தது. கண் இமை வீங்கியிருந்தது. கடையிலிருந்து மணிக்கொரு தரம் போன் செய்து, "என்ன பண்றீங்க? சாப்பிட்டீங்களா? அடுப்பை அணைச்சீங்களா?" என்று கேட்டாள். சனிக்கிழமையிலிருந்து லீவு போடப் போகிறேன் என்றாள். மருமகள் போன ஏக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த மருமகள் ஒரு போன்கூடச் செய்யவில்லையே என்று அவருக்கு ஆற்றாமையாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மனைவி வேலைக்குக் கிளம்பியதும் கதவை உட்பக்கம் தாழிட்டுவிட்டு, நாற்காலியைத் தொட்டி முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்குள் மணி பதினொன்று ஆகியிருந்தது. மூன்று மீன்களும் முன்னால் வந்து கண்ணாடியில் முட்டின. மாமனார் வாயைத் திறந்து திறந்து மூடியது.

ஐயோ, இன்னும் தீனி போடவில்லையே என்று நினைத்தார். காலையில் மனைவியோடு பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தவர், குனிந்தபோது பார்த்தார். மணலில் பத்துப் பன்னிரண்டு உருண்டைகள் கிடந்தன.

வலது கையை முழங்கைக்கு மேல்வரை விட்டு ஒன்றை எடுத்தார். விரலிடுக்கில் வைத்து நசுக்கினார்.

பட்டென்று உடைந்தது. உள்ளே காய்ந்திருந்தது.

பத்து நிமிஷம். அதற்கு மேல் இல்லை. கதவைப் பார்த்தார், தாழ் போட்டபடி இருந்தது. அப்படியானால் வந்தவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

சட்டைப் பையிலிருந்து தகட்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். முதலில் சமையலறை. பின்கதவும் பூட்டியிருந்தது. குளியலறைக் கதவைக் காலால் தள்ளினார். வாளி மட்டும் இருந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அலமாரிக் கதவைத் திறந்து மாட்டியிருந்த புடவைகளை விலக்கினார். மகன் அறையில் மருமகளின் சீப்பு, அவள் விட்டுப்போன ஒரு ஜோடிச் செருப்பு, அவ்வளவுதான். மொட்டைமாடிக் கதவின் கொக்கி மாட்டியிருந்தது. "யாருடா அது?" என்று ஒரு தரம் கத்தினார். தம் குரலே அவருக்குப் பயமாக இருந்தது. கூடத்துக்குத் திரும்பி வந்தார். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, நெற்றி வியர்வையைத் துடைக்க இடது கையைத் தூக்கினார்.

மீன் தீனியின் வாசனை அடித்தது.

கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கை ரேகையெல்லாம் சிவப்புத் தூள். நகக்கண்ணில் சிவப்பு. இந்தக் கையைத் தொட்டிக்குள் விடவில்லை. பெட்டியை இன்னும் திறக்கவே இல்லை; அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்தார். டப்பா மூடி ஒழுங்காக மூடாமல் இருந்தது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பல் டாக்டர் கண்ணாடி ஞாபகம் வந்தது, ஓரத்துக் கைவாகு ஞாபகம் வந்தது. ஒன்றரை மணிக்கு வீட்டில் இருந்தது இரண்டு பேர். அதில் ஒருத்தியைத்தான் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். இருபத்தாறு வருஷம் ஊரெல்லாம் போய் யாரோ போடுகிறார்கள் என்று சொல்லிவந்த வாய். அந்த யாரோ தம் உடம்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான், தம் கையாலேயே தீனியை எடுத்துப் போடுகிறான், போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் போய்விடுகிறான். மருமகளின் முகம்தான் முன்னால் வந்து நின்றது. இது மறந்துபோவதற்குள் அவளிடம் சொல்லிவிட வேண்டும். போனை எடுத்தார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "சொல்லுங்க மாமா."

"அம்மா, நான்தாம்மா. நான்தான் போட்டேன். நீ தொடல. எல்லாம் நான்தான்." அழுகையில் வார்த்தை குழறியது. உருண்டை உடைந்ததை, தாழ் போட்டிருந்ததை, வீடெல்லாம் தேடியதை, கையில் இருந்த சிவப்பை ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பக்கம் அவள் குறுக்கே பேசவில்லை. கடையில் யாரோ மூக்குக் கண்ணாடி பிரேம் தளர்கிறது என்று சொல்வது கேட்டது.

"ஏம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற? இந்தக் கிழவனை மன்னிக்க மாட்டியா?"

"மன்னிச்சு நாலு நாள் ஆச்சு மாமா."

அவருக்கு விளங்கவில்லை. "என்னம்மா சொல்ற?"

அவள் குழந்தைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். "திங்கக்கிழமை இதே மாதிரி போன் பண்ணி அழுதீங்க. மறுநாளே நான் பையைத் தூக்கிட்டு வந்துட்டேன். 'எந்த மூஞ்சியை வெச்சிட்டு வந்தே'ன்னு கேட்டு வாசல்லயே கதவைச் சாத்திட்டீங்க மாமா. அன்னிக்கு மத்தியானமே மறுபடி போன் பண்ணீங்க. நேத்தும் பண்ணீங்க. அத்தைக்கு எல்லாம் தெரியும். சாயங்காலம் உங்க மறதிக்கு டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கோம். நானும் அவரும் வரோம்."

தொட்டிக்காரர் வாசல் கதவின் தாழைப் பார்த்தார். மருமகள் இரண்டு தரம் "மாமா" என்று கூப்பிட்டாள்.

"நீங்க வரும்போது நான் மறுபடியும் கதவைச் சாத்தினா?"

"பரவாயில்ல மாமா. மறுபடி தட்டறேன்."

"வேணாம்மா." போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். "நீ வர்ற வரைக்கும் போனை வைக்காத. வெச்சா நான் திரும்பவும் உன்னைத் திருடின்னு நினைச்சிடுவேன்."

"வைக்கல மாமா" என்றாள் அவள். கடைக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தாள்.